ஜெர்மனி: கம்பெனி அனுப்பும் ஐசிடி கார்டா, நேரடி வேலையில் ப்ளூ கார்டா?

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கார்களுக்கான எம்பெடட் மென்பொருளில் ஒன்பது வருட அனுபவம். படித்தது பி.இ. எலக்ட்ரானிக்ஸ். வயது 32. கணவர் அரசு உதவிபெறும் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர், மகளுக்கு நான்கு வயது. இப்போது கையில் இரண்டு வாய்ப்பு, இரண்டுமே ஜெர்மனி. வீட்டில் ஆளுக்கொரு கருத்து சொல்லித் தலை சுற்றுகிறது.

முதலாவது, நான் வேலை பார்க்கும் கம்பெனியே ஸ்டுட்கார்ட் கிளைக்கு இரண்டு வருடம் அனுப்புகிறது. ஐசிடி கார்டு (ஒரே கம்பெனிக்குள் இடம் மாற்றி அனுப்பப்படும் ஊழியருக்கான அனுமதி) போட்டுத் தருவார்களாம். இந்தியச் சம்பளமும் பி.எஃப்.பும் இங்கே அப்படியே ஓடும், அங்கே அலவன்ஸ். எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 58,000 யூரோ கணக்குக் காட்டுகிறார்கள். டிக்கெட்டும் முதல் மூன்று மாத வீட்டு வாடகையும் அவர்கள் செலவு.

இரண்டாவது, ரெகன்ஸ்பர்கில் ஒரு நடுத்தரக் கம்பெனி. நிரந்தர வேலை, 49,500 யூரோ. வீடு நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். ப்ளூ கார்டு, அதாவது பட்டம் பெற்ற நிபுணர்களுக்கான ஐரோப்பிய ஒன்றிய வேலை அனுமதி பற்றி அவர்களுடைய ஹெச்.ஆர். சொன்னது: "ப்ளூ கார்டுக்கு 50,700 சம்பளம் வேண்டும், உங்களுக்கு வராது. பிரிவு 18பி விசாவில் (பட்டதாரிகளுக்கான சாதாரண வேலை விசா) வாருங்கள், எல்லாம் ஒன்றுதான்."

எல்லாம் ஒன்றுதானா? 58,000-ஐ விட்டுவிட்டு 49,500-க்குப் போவது பைத்தியக்காரத்தனமா? நான்கைந்து வருடமாவது அங்கே இருக்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம். அப்புறம் பிடித்துப்போனால் அங்கேயே இருந்துவிடுவோம்.

---

சும்மா_படிப்பவன்:

இது எதுவும் வேண்டாம், ஆப்பர்ச்சுனிட்டி கார்டு எடுத்துக்கொண்டு போங்கள். அங்கே போய் நின்றுகொண்டு தேடினால் இதைவிட நல்ல வேலையே கிடைக்கும். என் நண்பன் அப்படித்தான் போயிருக்கிறான்.

---

நெக்கர்க்காரி:

தோழி, முதலில் மேலே உள்ள யோசனையை ஓரமாக வைத்துவிடுவோம். ஆப்பர்ச்சுனிட்டி கார்டு வேலை கையில் இல்லாதவர்களுக்கு. 2024 ஜூனில் வந்தது. ஒரு வருடம் அங்கே இருந்து வேலை தேடலாம், வாரம் 20 மணி நேரம் பகுதிநேர வேலை பார்க்கலாம். மாதத்துக்கு ஆயிரம் யூரோவுக்கு மேல், அதாவது வருடத்துக்குப் பதின்மூவாயிரம் வாக்கில் பணம் காட்ட வேண்டும். உங்கள் கையில் இரண்டு ஆஃபர் இருக்கும்போது அவற்றை விட்டுவிட்டு எதற்காகத் தேடப் போக வேண்டும்?

இப்போது ஹெச்.ஆர். சொன்னதைப் பார்ப்போம். 50,700 என்பது 2026-க்கான பொது வரம்பு, அது சரி. ஆனால் ப்ளூ கார்டுக்கு இரண்டு வரம்பு உண்டு. ஆள் பற்றாக்குறையுள்ள தொழில்களுக்கும், பட்டம் வாங்கி மூன்று வருடம் ஆகாதவர்களுக்கும் 45,934.20 யூரோ போதும். பொறியாளர்கள், ஐ.டி. ஆட்கள், மருத்துவர்கள் எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். உங்கள் 49,500 தாராளமாக உள்ளே வருகிறது. ஒரே வித்தியாசம், குறைந்த வரம்பில் போட்டால் ஜெர்மனியின் மத்திய வேலைவாய்ப்பு அலுவலகம் சம்மதம் தர வேண்டும். அதை விசா அலுவலகமே உள்ளுக்குள் கேட்டு வாங்கிக்கொள்ளும், நீங்கள் அலைய வேண்டியதில்லை. சின்ன கம்பெனி ஹெச்.ஆர்.களுக்கு வருடத்துக்கு ஒரு வெளிநாட்டவர் வந்தாலே அதிகம். பொது வரம்பை மட்டும் இணையத்தில் பார்த்துவிட்டுச் சொல்லியிருப்பார்கள். மரியாதையாக ஒரு மின்னஞ்சல் போடுங்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். அந்த 49,500 ஒப்பந்தத்தில் உறுதியாக எழுதப்பட்ட சம்பளமாக இருக்க வேண்டும். "இலக்கை எட்டினால் போனஸ்" வகையறாவை நம்பி வரம்பைத் தாண்டப் பார்க்காதீர்கள்.

18பி-யும் ப்ளூ கார்டும் ஒன்று என்பதும் சரியில்லை. விசாவாகக் கையில் வாங்கும்போது இரண்டும் ஒரே மாதிரி ஸ்டிக்கர்தான். வித்தியாசம் பி.ஆர். (நிரந்தரக் குடியிருப்பு அனுமதி) கேட்கும் நாளில் தெரியும். ப்ளூ கார்டில் வேலை பார்த்தால் 27 மாதத்தில் பி.ஆர். கேட்கலாம், ஜெர்மன் மொழியில் ஏ1 என்ற தொடக்க நிலை போதும். அதற்கு இரண்டு படி மேலான பி1 தேறிவிட்டால் 21 மாதம். 18பி-யில் மூன்று வருடம், அதோடு பி1 கட்டாயம். வேலை மாறுவதிலும் ப்ளூ கார்டு இலகு. முதல் 12 மாதம் மட்டும் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குத் தெரியப்படுத்த வேண்டும், அவர்கள் 30 நாளுக்குள் மறுக்கலாம். அதற்குப் பிறகு உங்கள் இஷ்டம். ஊருக்குப் போய் நீண்ட நாள் தங்க வேண்டி வந்தாலும், சாதாரண அனுமதி ஆறு மாதத்தில் காலாவதியாகிவிடும், ப்ளூ கார்டு ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே 12 மாதம் வரை தாங்கும். வயதான பெற்றோர் இருக்கும் நமக்கு இது சின்ன விஷயமில்லை.

18பி-க்கு இருக்கும் ஒரே பெரிய வசதி, வேலை உங்கள் பட்டத்துக்குப் பொருந்த வேண்டிய கட்டாயம் 2023 நவம்பருக்குப் பிறகு இல்லை. மெக்கானிக்கல் படித்துவிட்டு லாஜிஸ்டிக்ஸ் மேலாளராகப் போகிறவர்களுக்கு அது வரம். உங்களுக்குத் தேவைப்படாது.

இனி ஐசிடி. நான் வந்ததே அதில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஐசிடி-யில் நீங்கள் ஜெர்மனியில் வேலை பார்த்தாலும் இந்தியக் கம்பெனியின் ஊழியர்தான். மேலாளருக்கும் நிபுணருக்கும் அதிகபட்சம் மூன்று வருடம். அதற்கு மேல் நீட்டிப்பு கிடையாது. மறுபடி ஐசிடி-யில் வர வேண்டுமென்றால் ஆறு மாதம் வெளியே இருந்துவிட்டு வர வேண்டும். இதெல்லாம் எல்லோரும் சொல்வார்கள். யாரும் சொல்லாதது சம்பளச் சீட்டில் இருக்கிறது.

ஜெர்மன் சம்பளச் சீட்டில் ஆர்.வி. என்று ஒரு வரி வரும். ஓய்வூதியக் காப்பீடு. உங்கள் சம்பளத்தில் 9.3 சதவீதம், கம்பெனி அதே அளவு. இந்தியாவுக்கும் ஜெர்மனிக்கும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2017 மே மாதத்திலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, இந்தியக் கம்பெனி அனுப்பிவைத்த ஊழியர் பி.எஃப். அலுவலகமான இ.பி.எஃப்.ஓ.விடம் ஒரு சான்றிதழ் வாங்கிக் கொடுத்தால் 48 மாதம் வரை ஜெர்மன் ஓய்வூதியத்துக்குப் பணம் கட்ட வேண்டாம். கம்பெனிக்கு லாபம். உங்களுக்கும் கையில் வருவது கூடும். "பாருங்கள், பிடித்தமே இல்லை" என்று ஹெச்.ஆர். பெருமையாகச் சொல்வார்கள். என்னிடமும் சொன்னார்கள்.

ஆனால் பி.ஆர். கணக்கே அந்தப் பிடித்தத்தை வைத்துத்தான். 21 மாதம் அல்லது 27 மாதம் என்றால், ப்ளூ கார்டுக்குரிய வேலையில் இருந்து அத்தனை மாதமும் ஓய்வூதியக் காப்பீட்டுக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும். ஐசிடி-யில் இருந்த காலம் அதில் சேராது. நான் பிறகு ஐசிடி-யை விட்டு இங்கேயே ஒரு கம்பெனியில் நேரடியாகச் சேர்ந்து ப்ளூ கார்டுக்கு மாறினேன். பி.ஆர். விண்ணப்பம் கொடுத்த அன்று, அந்த அலுவலர் ஓய்வூதிய அலுவலகத்தின் கணக்கு விவரத் தாளை எடுத்து, முதல் வரியில் பேனா முனையை வைத்தார். நான் ஜெர்மனிக்கு வந்த தேதி அதில் எங்கேயும் இல்லை. கம்பெனி மாறிய மாதத்திலிருந்துதான் வரிசை ஆரம்பிக்கிறது. அதற்கு முன்னால் நான் இங்கே வாடகை கொடுத்தது, வரி கட்டியது, பனியில் வழுக்கி விழுந்தது எதுவும் அந்தத் தாளுக்குத் தெரியாது.

இரண்டு வருடம் கழித்து நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்று பாருங்கள். ஐசிடி-யில் போனால் 24 மாதம் முடிந்து பெட்டி கட்டும் நேரம், பி.ஆர். கணக்கில் பூஜ்யம். ப்ளூ கார்டில் போய் பி1 எழுதிவிட்டால் அதற்கு மூன்று மாதம் முன்னாலேயே விண்ணப்பம் கொடுத்திருப்பீர்கள். 58,000-க்கும் 49,500-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்கும்போது இதையும் சேர்த்துப் பாருங்கள்.

அந்த 58,000-ஐயும் பிரித்துப் பார்க்க வேண்டும். அதில் வீட்டு வாடகை எவ்வளவு, இந்தியாவில் வரும் ரூபாய் எவ்வளவு, அலவன்ஸ் எந்தத் தேதியோடு நிற்கும் என்று எழுத்தில் கேளுங்கள். அந்தப் பக்கம் 49,500-இல், கணவர் வேலைக்குப் போகும்வரை வரி வகுப்பு மூன்று (ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் தம்பதிக்கு மாத வரிப் பிடித்தம் குறையும் வகை) வாங்கினால், மாதம் மூவாயிரம் யூரோ வாக்கில் கையில் நிற்கும். 2026-இல் குழந்தைக்கு மாதம் 259 யூரோ அரசு உதவித்தொகை தனி. அரசுக் காப்பீட்டில் வேலையில்லாத கணவருக்கும் மகளுக்கும் தனியாகப் பிரீமியம் கிடையாது. ஐசி‌டி-யில் பெரும்பாலும் கம்பெனி எடுத்துத் தரும் தனியார் பாலிசிதான். அதில் பல் வைத்தியம், பிரசவம் எல்லாம் எதுவரை என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், படியுங்கள்.

---

பெட்டி_கட்டியவன்:

நெக்கர்க்காரி அக்கா சொன்னதில் தவறில்லை, ஆனால் எல்லோரும் பி.ஆர். வாங்கத்தான் போகிறார்கள் என்று வைத்துக்கொண்டு பேசுகிறார். நானும் ஐசிடி-யில் போனேன், மியூனிக். முடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். வருத்தமே இல்லை. இங்கே வேலை அப்படியே இருந்தது, சீனியாரிட்டி போகவில்லை, பி.எஃப். ஓடிக்கொண்டே இருந்தது, வீட்டுக் கடனில் பெரும்பகுதி அடைத்தேன்.

நேரடி வேலையில் ஆறு மாதம் ப்ரொபேஷன் என்பதை யாரும் சொல்லவில்லையே. அந்த ஆறு மாதத்தில் இரண்டு வார நோட்டீஸில் அனுப்பலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. குழந்தையைக் கிண்டர்கார்டனில் சேர்த்து, வீட்டுக்கு மூன்று மாத வாடகை டெபாசிட் கட்டி உட்கார்ந்திருக்கும்போது அப்படி ஒரு கடிதம் வந்தால் என்ன செய்வது? கார் துறை இப்போது ஜெர்மனியில் எப்படி இருக்கிறது என்று செய்தி பார்க்கிறவர்களுக்குத் தெரியும். ஐசிடி-யில் ப்ராஜெக்ட் நின்றால் விமானம் ஏறி வந்து திங்கட்கிழமை பழைய நாற்காலியில் உட்காரலாம்.

---

நெக்கர்க்காரி:

@பெட்டி_கட்டியவன் தம்பி, திரும்பி வருவதென்று முடிவு செய்துவிட்டவருக்கு நீ சொல்வதுதான் சரி. அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் இவர் நான்கைந்து வருடம் என்கிறார். ஐசிடி-க்கு உச்சமே மூன்று.

ப்ரொபேஷன் பயம் நியாயமானது. அதற்கும் விடை விதியிலேயே கொஞ்சம் இருக்கிறது. வேலை போனவுடன் கார்டு போய்விடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2021 ப்ளூ கார்டு விதிப்படி வேறு வேலை தேட மூன்று மாதம் உண்டு, இரண்டு வருடம் கார்டு வைத்திருந்தவருக்கு ஆறு மாதம். 12 மாதம் வேலை பார்த்துக் காப்பீடு கட்டியிருந்தால் வேலையில்லாக் கால உதவித்தொகையும் உண்டு, குழந்தை இருந்தால் நிகரச் சம்பளத்தில் 67 சதவீதம். ஐசிடி-யில் கம்பெனி கைவிட்டால் இதில் எதுவும் இல்லை. பழைய நாற்காலி காலியாக இருக்கும் என்பது கம்பெனியின் நல்ல மனசு, சட்டம் இல்லை.

ரெகன்ஸ்பர்க் கம்பெனி எத்தனை வருடமாக நடக்கிறது, ஒரே ஒரு கார் கம்பெனியை மட்டும் நம்பி இருக்கிறதா, இந்த இரண்டையும் நேர்காணலில் கேட்கலாம். ஜெர்மன்காரர்கள் இப்படிக் கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

---

வைகைக்கரை:

அக்கா, இவ்வளவு விளக்கமாக யாரும் சொன்னதில்லை. நேற்றே ரெகன்ஸ்பர்க் ஹெச்.ஆர்.க்கு எழுதினேன். "பற்றாக்குறைத் தொழில் வரம்பைச் சரிபார்த்தோம், ப்ளூ கார்டாகவே விண்ணப்பிக்கலாம்" என்று பதில் வந்துவிட்டது.

மூன்று சந்தேகம். ஐசிடி-யில் போய்விட்டு அங்கிருந்தே ப்ளூ கார்டுக்கு மாறினால் என்ன? நீங்கள் செய்ததுதானே. இரண்டாவது, அவர் ஆசிரியர் வேலையை அங்கே தொடர முடியுமா? மூன்றாவது, என் பட்டத்தை எப்படி அங்கீகரிப்பார்கள்?

---

நெக்கர்க்காரி:

மாறலாம். ஆனால் கையெழுத்துப் போடும் முன் உங்கள் கம்பெனி தரும் பாண்டை வாசியுங்கள். "அனுப்பிய காலத்திலோ திரும்பிய ஒரு வருடத்துக்குள்ளோ வேலையை விட்டால் அனுப்பிய செலவு முழுவதையும் திருப்பித் தர வேண்டும்" என்று ஒரு வரி எனக்கு வந்த தாளில் இருந்தது. டிக்கெட், விசா, தங்கிய அறை வாடகை என்று ஒரு பட்டியலே நீட்டினார்கள். பேசிப் பேசிப் பாதியாகக் குறைத்தேன். போதாததற்கு நோட்டீஸ் காலம் மூன்று மாதம், புதிய கம்பெனி காத்திருக்க வேண்டும். உங்களுக்குத்தான் நேரடி ஆஃபர் கையிலேயே இருக்கிறதே. பக்கத்துத் தெருவுக்குப் போக ஊரைச் சுற்றுவானேன்?

கணவர் விஷயம். அவர் எந்த வேலையும் பார்க்கத் தடையில்லை, உங்கள் அனுமதியோடு அவருக்கும் வேலை உரிமை வந்துவிடும். விசாவுக்கு ஏ1 சான்றிதழும் கேட்க மாட்டார்கள். ஆனால் அரசுப் பள்ளி ஆசிரியர் என்பது வேறு கதை. அது மாநில அளவில் ஒழுங்குபடுத்தப்பட்ட தொழில், ஒவ்வொரு மாநிலமும் தனியாக அங்கீகரிக்கும். ஜெர்மன் மொழியில் சி1 என்ற உயர்நிலை, சில இடங்களில் அதற்கும் மேல் கேட்பார்கள். இன்னொரு சிக்கல், இங்கே ஆசிரியர்கள் பொதுவாக இரண்டு பாடம் நடத்தப் படித்தவர்கள். இயற்பியல் மட்டும் வைத்திருந்தால் கணிதமும் சேர்த்துப் படிக்கச் சொல்லலாம். இயற்பியலுக்கு ஆள் தேவை இருக்கிறது, ஆனால் முதல் இரண்டு வருடம் மொழிக்கே போய்விடும். அவர் இதைத் தெரிந்துகொண்டு வர வேண்டும். ஊரில் பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொன்ன மனிதர், இங்கே வந்து எட்டு மாதம் மொழி வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்காருவது எல்லோராலும் முடியாது. சம்பளம், விசா எல்லாவற்றையும்விட வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டியது இதைத்தான் என்பது என் கருத்து.

பட்டத்தைப் பற்றி கணக்குப்பிள்ளை எழுதுவார், அவர்தான் அதில் புலி.

---

கணக்குப்பிள்ளை:

கூப்பிட்டதால் வந்தேன். வெளிநாட்டுப் பட்டங்களின் மதிப்பைப் பட்டியலிடும் அனாபின் என்ற ஜெர்மன் அரசு இணையதளம் இருக்கிறது. அதில் இரண்டு தனித்தனித் தேடல். முதலில் பட்டம் கொடுத்த பல்கலைக்கழகத்தைத் தேடுங்கள், கல்லூரியை இல்லை. நேராக ஹெச்-பிளஸ் (அங்கீகரிக்கப்பட்டது) என்று இருக்க வேண்டும். பிறகு பட்டத்தின் பெயரைத் தேடுங்கள், "சமமானது" அல்லது "ஒத்தது" என்ற பொருளில் ஜெர்மன் சொல் வரும். இரண்டு பக்கத்தையும் பிரிண்ட் எடுத்து விண்ணப்பத்தோடு வைத்துவிட்டால் வேலை முடிந்தது. பலர் முதல் பக்கத்தை மட்டும் வைத்துவிட்டு ஏன் கேள்வி வருகிறது என்கிறார்கள். பட்டம் அங்கே இல்லையென்றால் மட்டும் தனி மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும், கட்டணம் 208 யூரோ.

அவசரமென்றால் ரெகன்ஸ்பர்க் கம்பெனியை விரைவு விசா நடைமுறைக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். கட்டணம் 411 யூரோ. அதை ஜெர்மனியில் கம்பெனிதான் தொடங்க முடியும், நீங்கள் இங்கிருந்து முடியாது. குடும்பத்தையும் அதே கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள், பிரிந்து இருக்க வேண்டாம்.

கம்பெனி நிரப்பித் தரும் வேலை விவரப் படிவத்தை அனுப்பும் முன் ஒருமுறை பாருங்கள். பதவிப் பெயர், வேலை விவரம், வார மணி நேரம், சம்பளம் நான்கும் ஒப்பந்தத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். பதவிப் பெயர் "கன்சல்டன்ட்" என்று பொத்தாம்பொதுவாக இருந்தால் பற்றாக்குறைத் தொழில்தானா என்ற கேள்வி வரும். "எம்பெடட் மென்பொருள் பொறியாளர்" என்றே எழுதச் சொல்லுங்கள்.

---

வைகைக்கரை:

நன்றி அண்ணா. கடைசியாக ஒன்று. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கிறது. டிகிரி சான்றிதழில் இனிஷியல் முன்னால், மகள் பிறப்புச் சான்றிதழில் பின்னால். இதில் ஏதும் பிரச்சினை வருமா?

---

கணக்குப்பிள்ளை:

நம் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் வரும் வம்புதான். விசா விண்ணப்பம், வேலை ஒப்பந்தம், வீட்டு ஒப்பந்தம் மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். இனிஷியலை நீங்களாக விரித்து எழுதிக் குடும்பப் பெயராக்க வேண்டாம். ஒரு இடத்தில் ஒரு மாதிரி பதிந்துவிட்டால் வங்கி, காப்பீடு, வரி அடையாள எண் எல்லாம் அதே பெயரில் போய்விடும், திருத்துவது பெரும்பாடு. நேரம் இருந்தால் பாஸ்போர்ட்டிலேயே குடும்பப் பெயரை நிரப்பிப் புதிதாக வாங்கிவிட்டு, அதன்பிறகு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள். மகளுக்கும் அதே பெயரைப் போட்டுவிடுங்கள்.